சதுர அடிக்குப் பத்து வாட்?

சுவரின் அடியில் தரையோடு நீளமாகப் பூட்டும் மின் சூடாக்கிதான் பேஸ்போர்ட் ஹீற்றர். ஓர் அறைக்கு அது எத்தனை வாட் வேண்டும் என்று மொன்றியலில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: சதுர அடிக்குப் பத்து வாட். கடையில் நிற்கும் பெடியன் அதைத்தான் சொல்வான். கோயிலில் பக்கத்துப் பந்தியில் இருந்து சாப்பிடும் மாமாவும் அதையே சொல்வார். நூறு சதுர அடி அறைக்கு ஆயிரம் வாட், கணக்கு முடிந்தது. கன அடிக்கு ஒன்றேகால் வாட் என்று கொஞ்சம் படித்த மாதிரிச் சொல்பவர்களும் உண்டு. எட்டடி உயர அறைக்குப் பெருக்கிப் பார்த்தால் அதுவும் இதுவும் ஒன்றுதான்.

இந்தக் கணக்கு தரையை அளக்கிறது. அங்கேதான் எனக்கு இடித்தது. நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. எங்கள் தரைக்குக் கீழே ஒரு குடும்பம், கூரைக்கு மேலே இன்னொரு குடும்பம். அவர்கள் வீடும் 22 பாகை, எங்கள் வீடும் 22 பாகை. அப்படியிருக்க, தரையாலும் கூரையாலும் சூடு எங்கே போகும்? போவதெல்லாம் வெளிச்சுவராலும் யன்னலாலும், இடுக்குகளுக்குள்ளால் நுழையும் காற்றாலும்தான். அவற்றை அளக்காமல் ஹீற்றரின் அளவை எப்படிச் சொல்வது?

எங்கள் வீடு சென்-லோரன் பக்கம், 1970களில் கட்டிய ஒரு கட்டடத்தில் ஒரு நாலரை. கியூபெக்குக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், இங்கே வீட்டை அறைகளின் எண்ணிக்கையால் சொல்வார்கள். குளியலறைதான் அந்த அரை. ஒரு ஹோல், அதோடு திறந்தபடி குசினி, இரண்டு படுக்கையறை. ஒரு படுக்கையறை எங்களுக்கு. மற்றது அம்மாவுக்கு. அம்மாவின் அறை கட்டடத்தின் மூலையில் இருக்கிறது. வடக்கும் மேற்கும் வெளிச்சுவர்.

வாங்கிய பிறகு வந்த முதல் குளிர்காலத்தில் டிசம்பர் வரை ஒரு குறையும் தெரியவில்லை. ஜனவரியில் மைனஸ் 20க்குக் கீழே இறங்கியதும் அம்மாவின் அறை 17 பாகைக்கு மேல் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது. தெர்மோஸ்டாற்றை 25இல் வைத்தும் பயனில்லை. அம்மா இரண்டு சோடி காலுறையோடு ஹோலுக்கு வந்து சோபாவில் படுக்கத் தொடங்கினார். எங்கள் அறையிலும் அதே பழைய 1000 வாட் ஹீற்றர்தான், ஆனால் அங்கே ஒரு பிரச்சினையும் இல்லை. முன்பு இருந்தவர்கள் மூலையறையைச் சாமான் போடும் அறையாக வைத்திருந்தார்களாம். அதனால் இது யாருக்கும் தெரிய வந்திருக்காது.

ஹீற்றர் பழுதாகியிருக்கும் என்று இவர், என் கணவர், சொன்னார். பேஸ்போர்ட் ஹீற்றரில் பழுதாக அதிகம் ஒன்றுமில்லை. ஒரு குழாய்க்குள் தடைக்கம்பி, அதைச் சுற்றி அலுமினியத் தகடுகள், அவ்வளவுதான். கம்பி அறுந்தால் ஒரேயடியாகக் குளிர்ந்துவிடும். அறாதவரை அதன் அளவுக்குச் சூடு தந்துகொண்டே இருக்கும். எங்கள் ஹீற்றர் இரவு முழுக்க நிற்காமல் ஓடியது, தகடுகளில் கை வைக்க முடியாத சூடு. தன்னால் முடிந்ததை அது தந்துகொண்டுதான் இருந்தது. அறைக்கு அது போதவில்லை.

எவ்வளவு போதும்? வேலையில் நான் கணக்குப் பகுதி, எலெக்ட்ரீஷியன் இல்லை. ஆனாலும் இந்தக் கணக்கு எட்டாம் வகுப்புப் பெருக்கல்தான். ஒவ்வொரு பரப்பின் வழியாகவும் வெளியேறும் சூடு மூன்று எண்களின் பெருக்கம்: பரப்பளவு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம், அந்தப் பரப்பு எவ்வளவு எளிதாகச் சூட்டை விடுகிறது என்பதற்கான ஓர் எண்.

வெப்பநிலை வித்தியாசத்துக்கு மொன்றியலில் மைனஸ் 23 என்ற எண்ணை எடுக்கிறார்கள். கட்டட விதித்தொகுப்பில் மொன்றியலுக்கான வடிவமைப்பு வெப்பநிலை அது. ஜனவரி மாத மணித்தியாலங்களில் நூற்றுக்கு இரண்டரைதான் அதைவிடக் குளிராக இருக்கும் என்பது அதன் பொருள். அதாவது 744 மணித்தியாலத்தில் ஏறக்குறைய 19. மைனஸ் 30 ஆகும் இரவுகளும் உண்டு, ஆனால் அவற்றுக்கென்று யாரும் வீடு கட்டுவதில்லை. உள்ளே 22, வெளியே மைனஸ் 23. வித்தியாசம் 45 பாகை.

அம்மாவின் அறை 10க்கு 12 அடி. கடைக்கணக்கில் 120 சதுர அடிக்கு 1200 வாட். இப்போது என் கணக்கு. மீட்டரில் சொன்னால் 3.05க்கு 3.66, உயரம் 2.44. இரண்டு வெளிச்சுவரும் சேர்ந்து 16.4 சதுர மீட்டர். அதில் யன்னல் 6க்கு 4 அடி, அதாவது 2.2 சதுர மீட்டர். மிச்சச் சுவர் ஏறக்குறைய 14. செங்கல், அதற்குப் பின்னால் புளொக், இடையில் அந்தக் காலத்து மெல்லிய காப்பு. இப்படியான சுவருக்குச் சதுர மீட்டருக்கு, பாகைக்கு 0.7 வாட் என்று எடுத்தேன். பழைய அலுமினியச் சட்டம் போட்ட இரட்டைக் கண்ணாடி யன்னலுக்கு 3.5. புது யன்னல் என்றால் இது பாதியாகக் குறையும்.

சுவர்: 14.1ஐ 0.7ஆலும் 45ஆலும் பெருக்க 444 வாட். யன்னல்: 2.23ஐ 3.5ஆலும் 45ஆலும் பெருக்க 351 வாட். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று பார்த்தேன். சுவரில் ஆறில் ஒரு பங்குகூட வராத யன்னல், முழுச் சுவரும் விடும் சூட்டில் ஐந்தில் நான்கு பங்களவைக் கொட்டுகிறது.

அடுத்தது காற்று. மணித்தியாலத்துக்கு அறைக்காற்றின் பாதி வெளிக்காற்றாக மாறுகிறது என்று வைப்பது பழைய கட்டடத்துக்குப் பொருந்தும். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு பாகை சூடாக்க 0.33 வாட்-மணித்தியாலம் வேண்டும். அறையின் கொள்ளளவு 27 கன மீட்டர். எல்லாவற்றையும் பெருக்கினால் 202 வாட். மொத்தம் 997. ஆயிரம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இதைப் பார்த்ததும் இவருக்குச் சிரிப்பு. "ஆயிரம் வாட் வேணும், ஆயிரம் வாட் ஹீற்றர் இருக்கு, பிறகென்ன?" என்றார். கேள்வி நியாயமானது. விடை சுவரில் இல்லை, வீட்டு மின்சாரத்தைப் பிரித்து விடும் பெட்டியான பிரேக்கர் பனலில் இருந்தது.

பனல் கதவின் உட்பக்கத்துத் தாளில் 120/208 வோல்ட் என்று போட்டிருந்தது. ஹீற்றரின் பக்கவாட்டில், பெயின்ற்றுக்கு அடியில் பாதி மறைந்த தகட்டில், 1000 வாட், 240 வோல்ட்.

தனி வீடுகளுக்கும், இரண்டு மூன்று வீடுகள் கொண்ட டூப்ளெக்ஸ், ட்ரிப்ளெக்ஸ்களுக்கும் வரும் இணைப்பு 120/240. இரண்டு உயிர்க்கம்பிகளுக்கு இடையில் 240 வோல்ட் கிடைக்கும். பெரிய கட்டடங்கள் பலவற்றுக்கு மூன்று பேஸ் இணைப்பு வருகிறது. ஒவ்வொரு கம்பிக்கும் நியூட்ரலுக்கும் இடையில் அதே 120தான், ஆனால் இரண்டு கம்பிகளுக்கு இடையில் 240 இல்லை, 208. விளக்கு, ரீவி, சார்ஜர் எல்லாம் 120இல் ஓடுவதால் வித்தியாசம் தெரியாது. தெரிவது இரண்டு கம்பியில் ஓடும் சாமான்களில்: ஹீற்றர், தண்ணீர்த் தாங்கி, மின் அடுப்பு. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தோசைக்கல் சூடாக நேரம் எடுக்கிறது என்று அம்மா முறைப்பட்டுக்கொண்டே இருந்தார். அவர் சொன்னது உண்மை.

தடைக்கம்பி மாறுவதில்லை. வோல்ட்டேஜ் குறைந்தால் சக்தி அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 208ஐ 240ஆல் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கினால் 0.75. ஆயிரம் வாட் ஹீற்றர் எங்கள் வீட்டில் 751 வாட்தான் தருகிறது. வோல்ட்டேஜ் குறைந்தது நூற்றுக்குப் பதின்மூன்று, சூடு குறைந்தது நூற்றுக்கு இருபத்தைந்து.

இதை வைத்து அம்மாவின் ஜனவரியை விளக்கிவிடலாம். 45 பாகை வித்தியாசத்துக்கு 997 வாட் போகிறது என்றால் ஒரு பாகைக்கு 22 வாட். 751 வாட்டை வைத்துக்கொண்டு 34 பாகை வித்தியாசத்தைத்தான் தாங்க முடியும். அடியில் ஓட்டையுள்ள வாளிக்குள் குழாயால் தண்ணீர் விடுவது போலத்தான்: வருவதும் போவதும் சமனாகும் மட்டத்தில் தண்ணீர் நின்றுவிடும். வெளியே மைனஸ் 12 வரை அறை 22இல் நிற்கும். அதற்குக் கீழே வெளியே ஒரு பாகை இறங்கினால் உள்ளேயும் ஒரு பாகை இறங்கும். டிசம்பரில் ஒன்றும் தெரியாததற்கும் ஜனவரியில் தெரிந்ததற்கும் காரணம் இதுதான். கணக்குப்படி மைனஸ் 23இல் அறை 11 பாகைக்குப் போயிருக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்து ஹோலின் சூட்டைக் கடன் வாங்கியதால் 17இல் நின்றது.

எங்கள் படுக்கையறைக்கு ஒரே ஒரு வெளிச்சுவர், சின்ன யன்னல். அங்கே மொத்தம் 650 வாட் போலத்தான் வருகிறது. அதற்கு 751 தாராளம். ஹோலும் குசினியும் சேர்ந்தது 320 சதுர அடி. கடைக்கணக்கில் 3200 வாட். ஆனால் அதற்கும் வெளிச்சுவர் ஒன்றுதான், அதில் முன்பு இருந்தவர் போட்ட புதுக் கண்ணாடிக் கதவு. சுவர் 258, கதவு 300, காற்று 538. மொத்தம் ஏறக்குறைய 1100 வாட்.

அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 120 சதுர அடி மூலையறைக்கு 1000, 320 சதுர அடி ஹோலுக்கு 1100. கடைக்கணக்கு இரண்டாவதற்கு மூன்று மடங்கு போடச் சொல்கிறது. முதலாவதற்கு அது சொல்லும் 1200ஐ நம்பி 1250 வாட் ஹீற்றர் வாங்கியிருந்தால், எங்கள் 208 வோல்ட்டில் அது 939 வாட் தரும். அடுத்த ஜனவரியிலும் அம்மா சோபாவில்தான்.

பூட்டுவதற்கு, லைசன்ஸ் உள்ள ஒரு மின் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் அண்ணை ஒருவர் வந்தார். கியூபெக்கில் சொந்த வீடாக இருந்தாலும் வயரிங் வேலையை வீட்டுக்காரர் தானே செய்யக்கூடாது, லைசன்ஸ் உள்ளவர்தான் செய்ய வேண்டும். ஒன்ராறியோவில் பெர்மிற் எடுத்துவிட்டுச் சொந்தமாகச் செய்யலாம். அங்கிருந்து வந்தவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். அண்ணை என் தாளைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது பத்தால பெருக்கிற விசயம், ஏன் மண்டையைப் போட்டு உடைக்கிறீர்?" என்றார். பனலைத் திறந்து காட்டினேன். மீற்றரை வைத்துப் பார்த்தார், 207 சொச்சம் காட்டியது. "ஓ, இது அந்த மாதிரிக் கட்டடமோ," என்று சொல்லிவிட்டு, பிறகு தாளை முழுக்கப் படித்தார்.

என் விருப்பம் 1750 வாட் ஹீற்றர். 208இல் அது ஏறக்குறைய 1315 வாட் தரும். தேவைக்கு மேலே முப்பது வீதம். இவ்வளவு மிச்சம் வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும் என்பேன். சுவரின் 0.7 நான் எடுத்துக்கொண்ட எண், உள்ளே திறந்து பார்த்ததில்லை. மேற்குச் சுவரில் காற்று அடிக்கும் இரவில் இடுக்குகளால் வருவது கூடும். அம்மாவுக்கு 22 போதாது, 24 வேண்டும். குளிர்ந்து கிடக்கும் அறையைச் சூடாக்குவதற்கும் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும்.

"அப்ப 2500 போடுவமே, பயமில்லையே," என்றார் இவர். ஹீற்றர் பெரிதானால் பில் ஏறும் என்று பலர் பயப்படுகிறார்கள், அந்தப் பயம் தேவையில்லை. மின் தடையில் போகும் ஒவ்வொரு வாட்டும் சூடாகத்தான் வரும், விலை கூடிய ஹீற்றரிலும் குறைந்ததிலும் அப்படித்தான். அறை இழப்பதைத்தான் நிரப்ப வேண்டும். பெரிய ஹீற்றர் கொஞ்ச நேரம் ஓடும், சின்னது நீண்ட நேரம் ஓடும், மாத முடிவில் கிலோவாட்-மணித்தியாலம் ஒன்றுதான். பெரிய ஹீற்றர் அடைப்பது இடத்தைத்தான். பேஸ்போர்ட் ஹீற்றரில் ஓர் அடி நீளத்துக்கு 200 முதல் 250 வாட் போல வரும், 2500 வாட் என்றால் பத்தடி கூட ஆகலாம். பத்தடிச் சுவரில் கட்டில் எங்கே, அலுமாரி எங்கே? ஹீற்றரை ஒட்டி எதையும் வைக்கவும் கூடாது, தரைவரை தொங்கும் திரையும் கூடாது.

பெரிய ஹீற்றருக்குப் பனலும் இடம் தர வேண்டும். அம்மாவின் அறையும் எங்கள் அறையும் ஒரே 15 அம்பியர் இரட்டைப் பிரேக்கரில் இருந்தன. நீண்ட நேரம் ஓடும் சுமைக்குப் பிரேக்கரின் அளவில் எண்பது வீதம்தான் எடுக்கலாம் என்று அண்ணை கணக்குப் பார்த்தார். 208 வோல்ட்டில் அது 2496 வாட். புதியது 1315, எங்கள் அறை 751, மொத்தம் 2066. பழைய வயரே போதும், சுவரை உடைக்க வேண்டியதில்லை. 2500 வாட் ஹீற்றர் போட்டிருந்தால் அது மட்டுமே 1878 எடுக்கும், எங்கள் அறையோடு சேர்ந்து எல்லையைத் தாண்டும், தனி வயர் இழுக்க வேண்டியிருக்கும். ஹீற்றரை விட அந்த வேலைக்குத்தான் காசு அதிகம்.

கடையில் பெட்டியைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நல்ல பெட்டிகளில் 240, 208 இரண்டுக்கும் எத்தனை வாட் என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கும். 208க்கென்றே செய்த ஹீற்றர்களும் விற்கிறார்கள். அதைக் கொண்டுபோய் 240 வீட்டில் பூட்டினால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சூடாகும், அது ஆபத்து. 240 ஹீற்றரை 208இல் பூட்டுவதில் ஆபத்து இல்லை, குளிர்தான். 120 வோல்ட் ஹீற்றர் என்று தனியாக ஒன்று உண்டு, அதன் பக்கம் போகவே வேண்டாம்.

இடம் யன்னலுக்குக் கீழேதான். கண்ணாடியைத் தொட்ட காற்று குளிர்ந்து கீழே இறங்கும், ஹீற்றரிலிருந்து எழும் சூடான காற்று அதைத் தடுத்து மேலே தள்ளும். எதிர்ச்சுவரில் பூட்டினால் அறை 22 காட்டும், ஆனால் கட்டிலில் படுத்திருப்பவரின் காலுக்குக் குளிர் ஓடிக்கொண்டே இருக்கும். ஹீற்றருக்கு மேலே பிளக் பொயின்ற் இருக்கக்கூடாது என்றும் அண்ணை சொன்னார், தொங்கும் வயர் சூட்டில் கெடும்.

தெர்மோஸ்டாற்றையும் மாற்றினோம். பழையது இரு உலோகப் பட்டை வளைந்து 'டொக்' என்று விழும் வகை, இரண்டு மூன்று பாகை ஏறி இறங்கும். புதிய இலெக்ட்ரானிக் வகை அரைப் பாகைக்குள் பிடித்து நிற்கிறது. ரொறொன்ரோவில் எல்லோரும் போடும் போனில் இயக்கும் தெர்மோஸ்டாற்றுகளில் பெரும்பாலானவை காஸில் ஓடும் சூடாக்கியான பேர்னஸுக்கான 24 வோல்ட் வகை, இங்கே பூட்ட முடியாது. மச்சாள் ஒன்றை அன்பளிப்பாக அனுப்பினார். அது இன்னும் லாச்சிக்குள் இருக்கிறது. பேஸ்போர்ட்டுக்கு முழு வோல்ட்டேஜ் தாங்கும் வகை வேண்டும், கியூபெக்கில் சினோப்பே என்ற நிறுவனம் அப்படிச் செய்கிறது, நியூபவுண்ட்லாந்தில் மைசா.

அதே மச்சாளுக்கு நாங்கள் மின்சாரத்தில் வீடு சூடாக்குவதே ஆச்சரியம், காசைக் கொளுத்துகிறீர்கள் என்பார். ஒன்ராறியோ விலையில் பார்த்தால் அவர் சொல்வது சரி. கியூபெக்கில் 1960களிலிருந்து கட்டிய நீர் மின்சாரம் மானிக், ஜேம்ஸ் பே பக்கத்து அணைகளிலிருந்து 735 கிலோவோல்ட் கம்பிகளில் வருகிறது. வீட்டுக் கட்டணம் ஒரு நாளைக்கு முதல் 40 கிலோவாட்-மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 7 சதம், அதற்கு மேல் 10 சதம் சொச்சம். எங்கள் மூன்று அறையும் சேர்ந்து பாகைக்கு 61 வாட் இழக்கின்றன. ஜனவரியின் சராசரி மைனஸ் 10 என்று வைத்தால் நாளுக்கு 47. சமையல், வெயில், ஆட்களின் சூடு கொஞ்சம் கழியும், தண்ணீர்த் தாங்கி கொஞ்சம் கூட்டும். ஆக, 40ஐத் தாண்டிவிடுவோம், ஆனால் வெகுதூரம் இல்லை. வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்து உள்ளே தரும் ஹீற் பம்ப் போட்டால் இது நன்றாகக் குறையும். எங்கள் கட்டடச் சங்கம் வெளிச்சுவரில் இயந்திரம் தொங்கவிட அனுமதிக்கவில்லை, அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

இந்த மலிவுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஊர் முழுக்க பேஸ்போர்ட் என்றால் கடுங்குளிர் இரவில் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். 2023 பிப்ரவரி 3 மாலை கியூபெக்கின் மின் தேவை 43,000 மெகாவாட்டைத் தாண்டியது. இப்போது மின்சாரம் தரும் ஹைட்ரோ கியூபெக் நிறுவனம் குளிர்காலக் காலை, மாலை உச்ச நேரங்களில் பாவனையைக் குறைத்தால் பில்லில் காசு கழிக்கிறது. அதில் சேர்ந்தால் ஹீற்றரில் கொஞ்சம் மிச்ச வலு இருப்பது வசதி: மூன்று நான்கு மணித்தியாலம் குறைத்து வைத்த அறையைத் திரும்பத் தூக்க அது வேண்டும். அம்மாவின் அறையை மட்டும் அந்தத் திட்டத்தில் சேர்க்கவில்லை.

ஹீற்றருக்கு முன் யன்னலை மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். யன்னல் கட்டடச் சங்கத்தின் பொறுப்பு, வரிசையில் நிற்கிறோம். அதுவரை ஹார்ட்வெயார் கடையில் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சட்டத்தில் ஒட்டி, தலைமயிர் காயவைக்கும் மெஷினால் இழுத்து விறைக்க வைத்திருக்கிறோம். கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில் சிக்கிய காற்று நல்ல காப்பு. அலுமினியச் சட்டத்தில் பனி கட்டுவதும் குறைந்தது.

என் கணக்கைப் பார்த்துவிட்டு என் சித்தப்பா மகன் தன் வீட்டுக்கும் கணக்குப் போட்டுத் தரச் சொன்னான். பார்க் எக்ஸ்டென்சனில் ட்ரிப்ளெக்ஸ் ஒன்று வாங்கியிருக்கிறான், இருப்பது மேல்மாடியில். கட்டடத்துக்கு எண்ணெயில் ஓடும் பழைய பொய்லர். 2023 முடிவிலிருந்து கியூபெக்கில் எண்ணெய்ச் சூடாக்கியைக் கழற்றினால் இன்னொரு எண்ணெய்ச் சூடாக்கி போட முடியாது, எனவே பேஸ்போர்ட்டுக்கு மாறுகிறான். அவனுக்கு மேலே தட்டைக்கூரை. பத்துக்குப் பத்து அறை ஒன்று: கூரையால் 125 வாட், காப்பே இல்லாத பழைய செங்கல் சுவரால் 370, யன்னலால் 140, கதவிடுக்குக் காற்றால் 235. மொத்தம் 870. பத்து வாட் கணக்கு அங்கே 1000 சொல்கிறது, பெரிதாகப் பிழையில்லை. அந்த மாதிரி வீடுகளைப் பார்த்துத்தான் அந்தக் கணக்கு வந்திருக்குமோ என்னவோ. அவன் பனலில் 240, ஆகவே பெட்டியில் போட்டிருப்பது அப்படியே கிடைக்கும். அந்த அறைக்கு 1250 எழுதிக் கொடுத்தேன்.

அவனுக்கு வேறொரு தலையிடி. பொய்லர் இருந்த காலத்தில் சூட்டுக்கு மின்சாரம் தேவைப்படவில்லை, அதனால் ஒவ்வொரு மாடிக்கும் 60 அம்பியர் பனல்தான். அதில் அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் உடுப்புக் காயவைக்கும் மெஷினும் ஏற்கெனவே இருக்கின்றன. ஐந்து அறைக்கும் சேர்த்து 6000 வாட் ஹீற்றர் என்றால் இன்னும் 25 அம்பியர். பனலையும் வெளியிலிருந்து வரும் கம்பியையும் பெரிதாக்காமல் ஒரு ஹீற்றர்கூட வாங்காதே என்று சொல்லியிருக்கிறேன். அண்ணையின் நம்பரும் கொடுத்தாயிற்று.